நிலத்தின் நடுப்புள்ளியை அட்டவணையில் ஏற்றுவது எப்படி: தோட்டப்புறத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள 47 சிறுதோட்டங்களின் எல்லைகளைக் கணினி வரைபடத்தில் சேர்த்து, ஒவ்வொரு நிலத்தின் நடுப்புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அட்டவணையில் எழுதித் தரும் வேலை சென்ற ஆண்டு என் தலையில் விழுந்தது. ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை மூன்று வாரங்களை விழுங்கியது. செம்பனைக் குலை வாங்கும் நிலையத்திலிருந்து பட்டியல் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை எல்லா நிலங்களுக்கும் தீர்க்கரேகை 101 என்று முழு எண்ணாகவே பதிவாகியிருந்தது. இரண்டாம் முறை ஒருவருடைய நான்கு ஏக்கர் செம்பனை ஆற்றுக்குள் இருப்பதாகக் காட்டியது. இரண்டு தவறுகளுக்கும் நானே பொறுப்பு. அதே பள்ளத்தில் நீங்களும் விழ வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

இங்கே விளக்குவது கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் செய்யும் முறை. ஆர்க்ஜிஐஎஸ் பயன்படுத்துவோருக்குப் பொத்தான்களின் பெயர் மாறும், ஆனால் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை பொருந்தும்.

இந்த எண்களை ஏன் கேட்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் எந்த அளவுக்குத் துல்லியம் வேண்டும் என்பது புரியும். செம்பனை எண்ணெய், ரப்பர் உள்ளிட்ட பொருள்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1115 என்ற ஒழுங்குமுறை, விளைந்த நிலத்தின் இருப்பிடத்தைக் குறைந்தது ஆறு தசம இலக்கங்களுடன் தரச் சொல்கிறது. 4 ஹெக்டேர் வரையுள்ள நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும். அதைத் தாண்டினால் எல்லைக்கோடு முழுவதும் தேவை. நம் ஊர்ச் சிறுதோட்டங்களில் பெரும்பாலானவை 4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 9.88 ஏக்கருக்கு உட்பட்டவை என்பதால், பெரும்பாலும் கேட்கப்படுவது அந்த ஒற்றைப் புள்ளிதான்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு நிலத்துக்கும் பட்டாவின் நகல், அதாவது நாம் கெரான் என்று சொல்லும் ஆவணம், கட்டாயம் வேண்டும். அதிலிருந்து லாட் எண் (நிலத்தின் பதிவு எண்), முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு), பரப்பளவு ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். லாட் எண் ஒரு முக்கிமுக்குள் மட்டுமே தனித்தன்மை உடையது. பக்கத்து முக்கிமில் அதே எண்ணில் இன்னொரு நிலம் இருக்கக்கூடும். எனவே லாட் எண்ணை மட்டும் வைத்து இரண்டு அட்டவணைகளை இணைத்தால், ஒருவருடைய புள்ளி இன்னொருவருடைய பெயரில் ஏறிவிடும். முக்கிமையும் லாட் எண்ணையும் சேர்த்து ஒரே அடையாளமாக ஆக்கிக்கொள்வது நல்லது. செம்பனை நிலமாக இருந்தால், மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிம நகலையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். உரிமத்தில் உள்ள பரப்பளவும் கெரானில் உள்ள பரப்பளவும் மாறுபட்டால், அதை இப்போதே உரிமையாளரிடம் சொல்லிவிடுவது பிறகு வரும் சிக்கலைக் குறைக்கும்.

அடுத்தது எல்லைக் கோப்பு. யாராவது ஷேப்ஃபைல் (நில எல்லைகளைச் சேமிக்கும் ஒரு கோப்பு வடிவம்) தருவதாகச் சொன்னால், அது ஒரு கோப்பல்ல, ஒரே பெயரில் உள்ள பல கோப்புகளின் தொகுப்பு என்பதை நினைவில் வையுங்கள். எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே என்று முடியும் நான்கும் வந்து சேர வேண்டும். எனக்கு வாட்ஸ்அப்பில் முதலாவது மட்டும் வந்தது. நானும் திறந்து பார்த்துவிட்டு மென்பொருள் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, மென்பொருளுக்கு ஒரு சென்கூட இல்லை. ஆனால் பதிவிறக்கம் ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் அளவு இருக்கும் என்பதால், கைப்பேசியின் டேட்டாவில் இறக்காமல் நல்ல இணைய இணைப்பு உள்ள இடத்தில் இறக்குங்கள். எனக்கு ஆன செலவு பெட்ரோலும் நகல் எடுத்ததும் சேர்த்து 60 வெள்ளிக்குள்தான். நேரத்தைப் பொறுத்தவரை, ஆவணம் திரட்டுவதற்கே பெரும்பகுதி போய்விடும். கணினி வேலைக்கு முதல் முறை இரண்டு மாலைகள் ஒதுக்குங்கள். பழகிய பிறகு 47 நிலங்களையும் ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம்.

2. கோப்பு எந்த ஆயமுறையில் எழுதப்பட்டது என்பதைக் கண்டுபிடியுங்கள்

இந்த வேலையில் என்னை அதிகம் அலைக்கழித்தது இந்த இடம்தான். ஆயமுறை என்பது ஓர் இடத்தை எந்தக் கணக்கில் எண்களாக எழுதுவது என்ற விதி. எல்லைக் கோப்பில் உள்ள எண்கள் எல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக இருப்பதில்லை. தீபகற்ப மலேசியாவின் நில வரைபடங்கள் பெரும்பாலும் ஆர்எஸ்ஓ என்ற முறையிலோ, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் காசினி முறையிலோ மீட்டர் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். மென்பொருளில் இவை ஒவ்வொன்றுக்கும் ஈபிஎஸ்ஜி எண் என்ற அடையாள எண் ஒன்று உண்டு. ஜிடிஎம்2000 என்ற மலேசிய நில அளவை அடிப்படையிலான தீபகற்ப ஆர்எஸ்ஓவுக்கு 3375, அதே அடிப்படையிலான பேராக் காசினிக்கு 3384, பழைய கெர்த்தாவ் அடிப்படையிலான மீட்டர் கணக்கு ஆர்எஸ்ஓவுக்கு 3168. நாம் இறுதியில் தர வேண்டியது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84, அதாவது 4326.

மென்பொருளில் திறந்த எல்லைக் கோப்பு ஓர் அடுக்காகத் தெரியும். அந்த அடுக்கின் பெயர்மீது வலது சொடுக்குச் செய்து, பண்புகள் பகுதியைத் திறந்து, தகவல் என்ற பக்கத்தைப் பாருங்கள். ஆயமுறையின் பெயரும் அடுக்கின் எல்லை எண்களும் அங்கே இருக்கும். சுங்கை சிப்புட் வட்டாரத்து நிலம் என்றால், 4326இல் இருக்கும் கோப்பில் 101.0 அளவிலும் 4.8 அளவிலும் எண்கள் தெரியும். ஆறு இலக்க எண்கள் இரண்டு தெரிந்தால் அது ஆர்எஸ்ஓவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆயமுறையே குறிப்பிடப்படவில்லை என்றால் பிஆர்ஜே கோப்பு வந்து சேரவில்லை என்று பொருள். ஊகித்து ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், கோப்பைத் தந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

இங்கே இரண்டு கண்ணிகள் உள்ளன. முதலாவது, திரையின் வலது கீழ் மூலையில் தெரியும் எண்ணை 4326 என்று மாற்றிவிட்டால் போதும் என்ற நினைப்பு. அது திட்டத்தின், அதாவது நீங்கள் திறந்து வைத்திருக்கும் வேலைக் கோப்பின், ஆயமுறை மட்டுமே. நிலம் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதையே அது மாற்றுகிறது. அட்டவணையில் கணக்கிடப்படும் எண் அடுக்கின் சொந்த ஆயமுறையிலேயே வரும். இரண்டாவது இன்னும் மோசமானது. அடுக்கின்மீது வலது சொடுக்குச் செய்தால் வரும் ‘செட் லேயர் சிஆர்எஸ்’ என்ற கட்டளை, கோப்பில் உள்ள எண்களை மாற்றுவதில்லை; அவற்றுக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றுகிறது. மீட்டர் எண்களுக்குப் பாகை என்று பெயர் வைத்தால் நிலம் வரைபடத்தை விட்டே ஓடிவிடும், அதனால் தவறு உடனே தெரிந்துவிடும். ஆனால் கெர்த்தாவ் அடிப்படையிலான அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை டபிள்யூஜிஎஸ் 84 என்று பெயரிட்டால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் விலகி, பக்கத்து நிலத்தில் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். மூன்று ஏக்கர் நிலத்துக்கு நூறு மீட்டர் என்பது அடுத்தவர் தோட்டம்.

3. புதிய கோப்பாக மாற்றி எழுதுங்கள்

மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். பிராசசிங் கருவிப்பெட்டியில் முதலில் ‘ஃபிக்ஸ் ஜியாமெட்ரீஸ்’ என்ற கருவியை இயக்குங்கள். கைப்பேசியில் எல்லையைச் சுற்றி நடந்து பதிந்த கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தால், அவற்றை இது சரிசெய்யும். பிறகு ‘ரீபுரொஜெக்ட் லேயர்’ என்ற கருவியில் இலக்கு ஆயமுறையாக 4326ஐத் தேர்ந்தெடுத்து, முடிவை ஜியோபேக்கேஜ் என்ற ஒற்றைக் கோப்பு வடிவில் சேமியுங்கள்.

சேமிக்க வேண்டிய இடத்தைக் குறிப்பிடாமல் விட்டால் மென்பொருள் தற்காலிக அடுக்கு ஒன்றை உருவாக்கும். அதன் பெயருக்குப் பக்கத்தில் சிறிய சில்லுப் படம் ஒன்று தெரியும். மென்பொருளை மூடியதும் அது போய்விடும். மூடும்போது ஓர் எச்சரிக்கை வரும்; களைத்துப் போயிருக்கும்போது அதைப் படிக்காமலேயே சரி என்று அழுத்துவோம்.

ஷேப்ஃபைல் வடிவைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் நெடுவரிசையின் பெயர் பத்து எழுத்துகளைத் தாண்டக் கூடாது. உரிமையாளர் பெயரைத் தமிழில் எழுதினால் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் மூன்று பைட் இடம் போய், நீண்ட பெயர்கள் நடுவில் வெட்டுப்படும். வாங்குபவர் ஷேப்ஃபைல்தான் வேண்டும் என்று கேட்டால், கடைசியில் ஒரு நகலை அந்த வடிவில் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

4. இரண்டு நெடுவரிசைகளை உருவாக்குங்கள்

அடுக்கின் பண்பு அட்டவணையைத் திறந்து, மேலே உள்ள பட்டையில் ‘ஃபீல்ட் கால்குலேட்டர்’ என்ற பொத்தானை அழுத்துங்கள். புதிய நெடுவரிசை உருவாக்கும் பகுதியில் பெயரைக் கொடுங்கள். அட்சரேகைக்கான ஆங்கிலச் சுருக்கத்தை நான் பெயராக வைத்தேன். அது லாட் எண்ணின் நெடுவரிசைக்குப் பக்கத்திலேயே ஏறக்குறைய அதே எழுத்துகளுடன் நின்றது. அதைப் பார்த்து நிரப்பிய பெண் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டார். மைய எக்ஸ் (தீர்க்கரேகை), மைய ஒய் (அட்சரேகை) என்பதுபோல் குழப்பமில்லாத பெயரை வையுங்கள்.

அடுத்து வகை. என் பட்டியல் முதல் முறை திரும்பி வந்ததற்குக் காரணம் இந்த ஒரே ஒரு பெட்டிதான். அது முழு எண் என்றிருந்தால் 101.07 என்பதன் புள்ளிக்குப் பின் வரும் எல்லாம் போய்விடும். தசம எண் என்று மாற்றுங்கள். ஷேப்ஃபைலில் செய்ய நேர்ந்தால், நீளத்தை 12 என்றும் தசம இலக்கங்களை 6 என்றும் கொடுங்கள்; மூன்று இலக்கத்தோடு விட்டால், கடைசி இலக்கம் ஒன்று நிலத்தில் 110 மீட்டருக்குச் சமம். ஆறாவது இலக்கம் 11 சென்டிமீட்டர் மட்டுமே. செம்பனை ஓலைகளுக்கு அடியில் கைப்பேசியின் ஜிபிஎஸ் பல மீட்டர் விலகுவது வழக்கம் என்பதால், ஆறு இலக்கம் எழுதுவதால் அளவீடு துல்லியமாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். கேட்கும் வடிவம் அது, அவ்வளவுதான்.

‘வர்ச்சுவல் ஃபீல்ட்’ என்ற கட்டத்தில் குறியிடாதீர்கள். அப்படிச் செய்தால் நெடுவரிசை உங்கள் திட்டக் கோப்பில் மட்டும் இருக்கும். தரவுக் கோப்பை மட்டும் அனுப்பினால், பெறுபவருக்கு அது தெரியாது.

சூத்திரத்தைத் தட்டச்சு செய்யப் பயப்பட வேண்டாம். நடுவில் உள்ள பட்டியலில் ஜியாமெட்ரி என்ற பிரிவை விரித்து, எக்ஸ் என்ற சார்பை இரட்டைச் சொடுக்குச் செய்யுங்கள். திறந்த அடைப்புடன் இடது பெட்டியில் விழும். அதன் பிறகு சென்ட்ராய்டு (நடுப்புள்ளி) என்ற சார்பை அதே முறையில் சேருங்கள். அதன் அடைப்புக்குள், டாலர் குறியில் தொடங்கும் ஜியாமெட்ரி என்பதைச் சேர்த்து, திறந்த இரண்டு அடைப்புகளையும் மூடிவிடுங்கள். கீழே முன்னோட்டம் என்ற இடத்தில் 101இல் தொடங்கும் நீண்ட எண் தெரிந்தால் சரி. ஒய் நெடுவரிசைக்கு எக்ஸுக்குப் பதிலாக ஒய் சார்பைப் போட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். அங்கே 4இல் தொடங்க வேண்டும். முன்னோட்டத்தில் ஆறு இலக்க மீட்டர் எண் வந்தால் தவறான அடுக்கில் நிற்கிறீர்கள். இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

முடிந்ததும் பென்சில் படத்தை அழுத்தித் திருத்தத்தை நிறுத்தி, சேமிக்கவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள்.

‘ஆட் ஜியாமெட்ரி ஆட்ரிபியூட்ஸ்’ என்ற கருவி இதையெல்லாம் ஒரே அழுத்தலில் செய்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். பல்கோண அடுக்குக்கு அது பரப்பளவையும் சுற்றளவையும் மட்டுமே தரும். நடுப்புள்ளியின் எண்களைத் தராது. நான் அதில் அரை நாள் தேடினேன்.

5. புள்ளி நிலத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள்

நடுப்புள்ளி என்பது கணக்கின்படி நிலத்தின் சமநிலைப் புள்ளி. அது நிலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆற்றின் வளைவை அணைத்தபடி அரைவட்டமாக வளைந்து கிடக்கும் நிலத்துக்கு நடுப்புள்ளி ஆற்றில் விழும். சாலை குறுக்கே ஓடி இரண்டாகப் பிரிந்த நிலம் ஒரே லாட்டாகப் பதிவாகியிருந்தால், புள்ளி சாலையில் விழலாம். எங்கள் பட்டியலில் ஒரு நிலத்தின் நடுவே முனீஸ்வரர் கோயிலுக்காகச் சதுரமாக இடம் வெட்டி விடப்பட்டிருந்தது. புள்ளி நேராகக் கோயில் வாசலில் போய் நின்றது. சாமிக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கலாம், குலை வாங்குபவருக்கு இல்லை.

இதைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. அட்டவணையின் மேலே சூத்திரத்தால் தேர்ந்தெடுக்கும் கருவி உண்டு. அதில் ‘வித்தின்’ என்ற சார்பைச் சேர்த்து, முதல் இடத்தில் சென்ட்ராய்டு சூத்திரத்தையும் காற்புள்ளிக்குப் பின் டாலர் குறியிட்ட ஜியாமெட்ரியையும் கொடுத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் ‘நாட்’ என்ற சொல்லைப் போடுங்கள். தன் நிலத்துக்கு வெளியே புள்ளி விழுந்த வரிகள் மட்டும் மஞ்சளாகும். எனக்கு 47இல் ஐந்து வந்தன.

அந்த வரிகள் தேர்வில் இருக்கும்போதே ஃபீல்ட் கால்குலேட்டரைத் திறந்து, ஏற்கெனவே உள்ள நெடுவரிசையைப் புதுப்பிக்கும் பகுதியில் எக்ஸ் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, சென்ட்ராய்டுக்குப் பதிலாக ‘பாயின்ட் ஆன் சர்ஃபேஸ்’ என்ற சார்பைப் பயன்படுத்துங்கள். அது தரும் புள்ளி எப்போதும் நிலத்துக்குள் இருக்கும். தேர்ந்தெடுத்த வரிகளை மட்டும் மாற்று என்ற குறி போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 47 வரிகளும் மாறிவிடும். ஒய்க்கும் இதையே செய்யுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு புள்ளி உருவாகி, யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் நிற்கும்.

சில நேரம் அந்தப் புள்ளி எல்லைக்கு மிக அருகில் விழும். நிலத்தின் ஆழமான உள்ளிடத்தைத் தேட ‘போல் ஆஃப் இன்அக்சசிபிலிட்டி’ என்ற சார்பும் உண்டு. அதற்கு ஒரு சகிப்பளவு (எவ்வளவு பிழை பரவாயில்லை என்ற எண்) கொடுக்க வேண்டும். அந்த எண் அடுக்கின் அலகிலேயே எடுத்துக்கொள்ளப்படும். நம் அடுக்கு இப்போது பாகையில் இருக்கிறது என்பதால் 1 என்று கொடுத்தால் அது 111 கிலோமீட்டர், 0.00001 என்று கொடுத்தால் ஒரு மீட்டர்.

எந்த நிலத்துக்கு எந்த முறையில் புள்ளி எடுத்தீர்கள் என்பதை மூன்றாவது நெடுவரிசையில் ஒரு சொல்லில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேள்வி வரும்போது நினைவு கைகொடுக்காது.

6. பரப்பளவையும் சேர்த்துவிடுங்கள்

ஒற்றைப் புள்ளி போதுமா என்பது பரப்பளவைப் பொறுத்தது என்பதால், இந்த நெடுவரிசையும் அவசியம். டாலர் குறியில் தொடங்கும் ஏரியா என்பதை 10,000ஆல் வகுத்தால் ஹெக்டேர் கிடைக்கும். ஆனால் திட்டப் பண்புகளில் நீள்கோளம் (பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரி) தேர்ந்தெடுக்கப்பட்டு, பரப்பளவின் அலகு சதுர மீட்டர் என்றிருக்க வேண்டும். டாலர் குறி இல்லாத ஏரியா சார்பைப் பயன்படுத்தினால், பாகைக் கணக்கில் பொருளற்ற சிறு எண் வரும். கிடைத்த எண்ணைக் கெரானில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஏக்கரில் எழுதப்பட்டிருந்தால் 0.4047ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் எல்லைக்கோடு தவறு, நடுப்புள்ளியும் தவறுதான்.

7. எக்செலில் திறக்கும்போது கவனம்

வாங்குபவர்கள் பொதுவாக எக்செல் பட்டியலையே கேட்பார்கள். அடுக்கை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) வடிவில் ஏற்றுமதி செய்து, நேரடியாக இரட்டைச் சொடுக்குச் செய்து திறக்காதீர்கள். 3-5 என்ற பிளாக் எண் மே மாதத் தேதியாகவோ மார்ச் மாதத் தேதியாகவோ மாறிவிடும். 08E2 போன்ற பிளாக் எண் 800 என்ற எண்ணாகிவிடும். தரவு இறக்கும் கருவியின் வழியாகத் திறந்து, பிளாக், லாட் நெடுவரிசைகளை எழுத்து வகையாகக் குறியுங்கள்.

இரண்டாவது கண்ணி, 4.820000 என்பதை எக்செல் 4.82 என்று சுருக்கிக் காட்டும். எண் மாறவில்லை, ஆனால் ஆறு இலக்கம் எங்கே என்று கேட்பவருக்கு அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. நெடுவரிசையின் வடிவமைப்பில் ஆறு தசம இலக்கம் என்று குறித்துவிட்டுச் சேமியுங்கள். வடிவமைப்பு இரண்டு இலக்கமாக இருக்கும்போது சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிவது மட்டுமே எழுதப்பட்டு, மீதி நிரந்தரமாகப் போய்விடும்.

8. ஒப்படைக்கும் முன்

பட்டியலில் எங்கெங்கோ இருந்து ஐந்து வரிகளை எடுத்து, கூகுள் வரைபடத்தில் தேடிப் பாருங்கள். அங்கே அட்சரேகை முதலில் வர வேண்டும்: 4இல் தொடங்கும் ஒய், காற்புள்ளி, பிறகு 101இல் தொடங்கும் எக்ஸ். மாற்றிக் கொடுத்தால் இடம் கிடைக்காது, ஏனென்றால் அட்சரேகை 90ஐத் தாண்டுவதே இல்லை. செயற்கைக்கோள் படத்தில் உரிய மரங்களின் நடுவே புள்ளி நிற்கிறதா என்று பார்த்து, முடிந்தால் உரிமையாளரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். வாய்க்கால், கோயில், மேட்டு லயம் என்று அவர் சொல்லும் அடையாளம் எந்தச் சூத்திரத்தையும்விட விரைவாகத் தவறைக் காட்டிவிடும்.

அடையாள அட்டை எண், கைப்பேசி எண் ஆகியவற்றை இந்த அட்டவணையில் வைக்க வேண்டாம். நிலத்தின் இருப்பிடமும் உரிமையாளரின் சொந்தத் தகவலும் ஒரே கோப்பில் கைமாறிக் கைமாறிப் போவது நல்லதல்ல. அவற்றைத் தனிப் பட்டியலாக வைத்து, முக்கிமும் லாட் எண்ணும் சேர்ந்த அடையாளத்தால் இணைத்துக்கொள்ளலாம்.

யாராவது நிலத்தைப் பிரித்தாலோ, எல்லைக்கோட்டை நீங்கள் திருத்தினாலோ, அட்டவணையில் உள்ள எண்கள் தாமாக மாறாது. திருத்திய அன்றே நான்கு, ஐந்து, ஆறு ஆகிய படிகளை அந்த வரிகளுக்கு மீண்டும் செய்து, கோப்பின் பெயரில் அன்றைய தேதியைச் சேர்த்துச் சேமியுங்கள்.